ஏழைகளுக்கான திட்டத்தில் ஏழைகளே விடுபட்டுப் போவது எதனால்?

நெய்தல்:

எந்த நாட்டு நலத்திட்ட ஆய்வை எடுத்தாலும் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. பணம் ஒதுக்கியிருப்பார்கள், கணக்கெடுப்பும் நடந்திருக்கும். ஆனாலும் அடிமட்டத்தில் கிடக்கும் குடும்பங்களில் கணிசமானவை பட்டியலில் இருக்காது. ஓரளவு வசதியுள்ளவர்கள் உள்ளே இருப்பார்கள். இதை ஊழல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட மனம் ஒப்பவில்லை. ஊழல் குறைவு என்று பெயரெடுத்த நாடுகளிலும் இதே குறைதானே சொல்லப்படுகிறது?

கேட்க வந்தது இதுதான். யார் ஏழை என்று அளக்கும் இடத்திலேயே பிழை நுழைகிறதா, அல்லது அளந்த பிறகு உதவி போய்ச் சேரும் வழியில் நுழைகிறதா? வருமான வரம்பு வைத்து வடிகட்டுவதைவிட எல்லோருக்கும் கொடுத்துவிடுவது மேல் என்கிறார்களே, கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்குமா? கொள்கைச் சண்டை வேண்டாம். எப்படிக் கணக்கிடுகிறார்கள், எங்கே உடைகிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

நாழிக்கணக்கு:

அளக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பாதிப் பிழை அங்கேதான் பிறக்கிறது.

முதலில் கோடு. உலக வங்கி ஏழை நாடுகளின் தேசிய வறுமைக் கோடுகளை ஒட்டி ஒரு பன்னாட்டுக் கோடு போடுகிறது. 2022-ல் அது ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 2.15 டாலர். 2025 ஜூனில் 3 டாலராக மாற்றினார்கள். இது நாணய மாற்று விகிதப்படியான டாலர் இல்லை, அந்தந்த நாட்டின் விலைவாசிக்கு ஏற்றபடி வாங்கும் திறனைச் சமன்செய்த டாலர். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போகிறது. எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை அபாயம் என்கிறது. முதல் கோடு, வயிறு நிரம்புமா என்று கேட்கிறது. இரண்டாவது, மற்றவர்களோடு சேர்ந்து வாழ முடியுமா என்று கேட்கிறது. ஒரு நாட்டில் எல்லோருடைய வருமானமும் ஒரே நேரத்தில் இரட்டிப்பானால் முதல் கோட்டின்படி ஏழைகள் குறைவார்கள், இரண்டாவதன்படி ஒருவர்கூடக் குறைய மாட்டார். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டையும் கலந்து பேசும்போதுதான் "வறுமை ஒழிந்தது", "ஒழியவே இல்லை" என்ற வெற்றுச் சண்டை வருகிறது.

அடுத்தது குடும்ப அளவு. பல திட்டங்களில் "குடும்ப ஆண்டு வருமானம் இவ்வளவுக்கு மிகாமல்" என்று ஒரே எண்ணை எழுதி விடுகிறார்கள். மாதம் 1,500 அலகு வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாழும் ஒருவர் 1,400 சம்பாதித்தால் உள்ளே. இரண்டு பெரியவர்களும் நான்கு சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம் 1,600 சம்பாதித்தால் வெளியே. பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பின் (OECD) திருத்திய அளவுகோல் முதல் பெரியவருக்கு 1, 14 வயது நிரம்பிய அடுத்த ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு 0.3 என்று எண்ணுகிறது. அந்தக் குடும்பம் 1 + 0.5 + 1.2, ஆக 2.7. 1,600-ஐ 2.7-ஆல் வகுத்தால் 593தான் வருகிறது. 1,400-ல் வாழ்பவருக்கு உதவி, 593-ல் வாழ்பவர்களுக்குக் கதவடைப்பு. இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை, விண்ணப்பத்தில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம்.

மூன்றாவது பலர் கவனிக்காதது. அரசுகள் பெரும்பாலும் தலைகளை எண்ணுகின்றன, பள்ளத்தின் ஆழத்தை, அதாவது ஒருவர் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதை, அளப்பதில்லை. கோடு 100 என்போம். கீழே பத்துப் பேர், அவர்களில் ஐவரிடம் 95, ஐவரிடம் 40. கையில் 25 மட்டும் இருக்கிறது. மேலே உள்ள ஐவருக்கு ஆளுக்கு 5 கொடுத்தால் ஏழைகள் எண்ணிக்கை பத்திலிருந்து ஐந்தாகிவிடும், செய்தித்தாளில் பாராட்டு வரும். அடியில் உள்ள ஐவருக்குக் கொடுத்தால் எண்ணிக்கை பத்திலேயே நிற்கும். பள்ளங்களைக் கூட்டிப் பார்ப்பதும் போதாது. தொடக்கத்தில் மொத்தப் பள்ளம் 325, எப்படிக் கொடுத்தாலும் அது 300 ஆகும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பள்ளத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் 18,125. மேலே உள்ளவர்களுக்குக் கொடுத்தால் 18,000, அடியில் உள்ளவர்களுக்குக் கொடுத்தால் 15,250. 1984-லேயே இந்த மூன்று அளவைகளையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் சட்டமன்ற விவாதங்கள் தலை எண்ணிக்கையைத் தாண்டுவதில்லை என்பது வருத்தமான விஷயம். அடியில் இருப்பவர் விடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம், ஏனென்றால் அவரைத் தூக்கிவிட்டால் கணக்கில் எதுவும் மாறாது.

ஏடும்எழுத்தும்:

நாழிக்கணக்கு சொன்னது கோட்டைப் பற்றி. கோடு சரியாகவே இருந்தாலும், ஒரு குடும்பம் அதற்கு மேலா கீழா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பாளிகள் பெருவாரியாக உள்ள நாடுகளில் வருமானம் கேட்டால் சரியான பதில் வராது. பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். தினக்கூலிக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் தம் ஆண்டு வருமானம் தமக்கே தெரியாது.

அதனால் மறைமுக வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சில ஆயிரம் குடும்பங்களின் செலவை நுணுக்கமாக அளப்பார்கள். அவர்கள் வீட்டுக் கூரை, தரை, கழிப்பறை, வாகனம், குடும்பத் தலைவரின் படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் குறிப்பார்கள். எது எதற்கு எத்தனை மதிப்பெண் கொடுத்தால் செலவை ஊகிக்க முடியும் என்று ஒரு சூத்திரம் செய்வார்கள். பிறகு நாடு முழுக்க அந்தப் பொருள்களை மட்டும் எண்ணி மதிப்பெண் போடுவார்கள்.

இந்தச் சூத்திரம் குடும்பத்துக்குக் குடும்பம் உள்ள வேறுபாட்டில் பல நேரம் பாதியளவைத்தான் விளக்கும். மீதிப் பாதி ஊகத்துக்குப் பிடிபடாது. அப்படியிருக்கும்போது ஊகித்த எண்கள் எல்லாமே நடுவை நோக்கி நெருங்கி வந்துவிடும், புள்ளியியலின் இயல்பு அது. பரம ஏழையைச் சூத்திரம் உள்ளதைவிட வசதியானவராகக் காட்டும், பணக்காரரை உள்ளதைவிட ஏழையாகக் காட்டும். நெய்தல் கேட்ட கேள்விக்கு ஒரு நேரடிப் பதில் இதிலேயே இருக்கிறது. யாரும் தவறு செய்யாமலே அடிமட்டத்தார் மேலே தள்ளப்படுகிறார்கள்.

இன்னொரு குறை, இந்த மதிப்பெண்ணுக்குக் காலம் தெரியாது. வேலை போன மறுநாள் ஓட்டுக்கூரை ஓலைக்கூரையாக மாறிவிடுவதில்லை. வீட்டில் சம்பாதித்தவர் படுக்கையில் விழுந்த மாதமும் மதிப்பெண் அதேதான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நாட்டில், நான்காம் ஆண்டில் உதவி வாங்குபவர்கள் பழைய ஏழைகள். புதிதாக விழுந்தவர்களுக்குப் பட்டியலில் இடமில்லை. வறுமையில் இருக்கும் கூட்டம் நிலையானதல்ல, ஆண்டுதோறும் ஒரு பகுதி வெளியே வருகிறது, வேறொரு பகுதி உள்ளே விழுகிறது.

சூத்திரம் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா சாட்சி. அங்கே தகுதி வரம்பு 47 மதிப்பெண். 1997-ல் கணக்கிடும் முறை நகராட்சிகளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு 47-க்குச் சற்றுக் கீழே குடும்பங்கள் குவிந்து கிடந்தன, அதைத் தாண்டியதும் வரைபடம் செங்குத்தாகச் சரிந்தது. மதிப்பெண்களை ஒரு வரைபடமாகப் போட்டாலே இந்தத் தில்லுமுல்லு கண்ணுக்குத் தெரியும். எந்த நாட்டுத் தரவு கையில் கிடைத்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

நெய்தல்:

நடுவை நோக்கி நெருங்கும் என்பது புதிய விளக்கம், நன்றி. அப்படியானால் சூத்திரத்தை விட்டுவிட்டு ஊராரையே உட்காரவைத்து "இங்கே யார் ஏழை" என்று கேட்டால்? அவர்களுக்குத்தானே தெரியும்?

ஏடும்எழுத்தும்:

அதையும் சோதித்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் 640 கிராமங்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கில் சூத்திரம், ஒரு பங்கில் ஊர்க்கூட்டம், ஒரு பங்கில் இரண்டும் கலந்து என்று செய்து பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. செலவை அளவுகோலாக வைத்தால் சூத்திரத்தில் சுமார் 30 சதவீதக் குடும்பங்கள் தவறான பக்கத்தில் விழுந்தன. ஊர்க்கூட்டத்தில் இன்னும் 3 சதவீதப் புள்ளி கூடுதல். ஆனால் மக்கள் திருப்தி ஊர்க்கூட்ட முறையில்தான் தெளிவாக அதிகம். ஊர்ப் பெரியவர்கள் தம் உறவினருக்கே வாரிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள், அதற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை.

தவறு என்று எண்ணப்பட்ட அந்தக் கூடுதல் 3 புள்ளியை அப்படியே தவறென்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஊரார் செலவை மட்டும் பார்க்கவில்லை, இந்தக் குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் தெம்பு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். கணவனை இழந்த பெண்ணும், இரண்டு வாலிபர்கள் உள்ள வீடும் இன்று ஒரே அளவு செலவு செய்யலாம். நாளைக்கு இருவர் நிலையும் ஒன்றா?

செய்முறையில் ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் எடுத்து வரிசையில் வைக்க வேண்டும். முதலில் எடுத்த வீடுகளுக்கு இடம் சரியாக அமைந்தது, கடைசியில் எடுத்தவற்றில் பிழை கூடியது. காரணம் வெறும் களைப்பு. ஆகவே ஒரே அமர்வில் ஊர் முழுவதையும் முடிக்கப் பார்க்காதீர்கள். தெருத்தெருவாகப் பிரிக்க வேண்டும், பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும்.

தாழ்வாரம்:

இரண்டாவது கேள்விக்கு, அதாவது வடிகட்டலா எல்லோருக்குமா என்பதற்கு வருகிறேன்.

முதலில் வரம்பு செய்யும் சேதம். மாத வருமானம் 1,000 வரை உள்ளவருக்கு 200 உதவி, தாண்டினால் இல்லை என்று விதி. 990 சம்பாதிப்பவர் கையில் 1,190. அவருக்கு 20 சம்பள உயர்வு வந்து 1,010 ஆனால் கையில் 1,010 மட்டும். 20 கூடியதற்கு 180 குறைந்தது. 1,000-க்கும் 1,190-க்கும் இடையே எங்கே நின்றாலும் அவர் முன்பைவிட ஏழை. இப்படி ஒரு சுவரைக் கட்டிவைத்துவிட்டு அவரைச் சோம்பேறி என்பது அநியாயம். அவர் கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

தீர்வாகச் சொல்லப்படுவது சரிவு. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு 100-க்கும் 20 வீதம் உதவியைக் குறைத்தால் 2,000-ல்தான் முழுதும் நிற்கும். 50 வீதம் குறைத்தால் 1,400-லேயே நின்றுவிடும். மெதுவான சரிவு உழைப்பவருக்கு நல்லது, ஆனால் பயனாளிகள் கூடுவார்கள், செலவு ஏறும். வேகமான சரிவு கருவூலத்துக்கு நல்லது, உழைப்பவரைத் தண்டிக்கும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. பிரிட்டனில் பல உதவிகளை ஒன்றாக்கிய திட்டத்தில் கூடுதல் சம்பளத்தின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 63 பென்ஸ் குறைத்து வந்தார்கள். 2021-ன் இறுதியில் 55 ஆக்கினார்கள். அப்போதும் ஒரு பவுண்டில் பாதிக்கும் குறைவுதான் உழைத்தவர் கையில் நிற்கிறது.

திட்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வகுக்கப்படுவதுதான் மோசமான நிலை. வாடகை உதவி 30 குறைகிறது, உணவு உதவி 30 குறைகிறது, வருமான வரி 15 பிடிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான எண்கள். சேர்த்தால் 100-ல் 75 போய்விட்டது. மீதி 25-ல் வேலைக்குப் போய்வரும் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவும் அடங்க வேண்டும். நெய்தல், எந்த நாட்டுத் திட்டத்தை ஆராய்ந்தாலும் ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்து, சம்பளத்தை நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போய், எல்லாத் திட்டங்களையும் சேர்த்துக் கையில் என்ன நிற்கிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். கையில் நிற்கும் தொகை எங்கே குறைகிறதோ அங்கேதான் மக்கள் சிக்கிக்கிடப்பார்கள்.

பிரேசில் இதற்கு ஓரளவு வழி கண்டிருக்கிறது. 2003-ல் தொடங்கிய அவர்களது குடும்ப உதவித் திட்டத்தில், 2023-ல் மாற்றியமைத்த விதிப்படி, வருமானம் வரம்பைத் தாண்டியதும் பெயரை அடித்துவிடுவதில்லை. ஒரு கால எல்லை வரை பாதித் தொகை தொடர்கிறது. வேலை நிலைக்குமா என்று தெரியாத ஒருவருக்குத் துணிந்து வேலையில் சேர இது போதும்.

இனி எல்லோருக்கும் கொடுப்பது. "பணக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்" என்பதுதான் முதல் எதிர்ப்பு. சராசரி வருமானம் 1,000 உள்ள நாட்டில் எல்லோரிடமும் 10 சதவீதம் வரி பிடித்து, எல்லோருக்கும் 100 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 400 சம்பாதிப்பவர் 40 கட்டி 100 பெறுகிறார், நிகரம் 60 வரவு. 1,000 சம்பாதிப்பவருக்குக் கட்டியதும் பெற்றதும் சரி. 3,000 சம்பாதிப்பவர் 300 கட்டி 100 பெறுகிறார், நிகரம் 200 செலவு. பணக்காரனுக்கு எங்கே கொடுத்தோம்? வரியில் வாங்கிவிட்டோம். வடிகட்டலை விண்ணப்பப் படிவத்தில் செய்யாமல் வரியில் செய்கிறோம், அவ்வளவே. பட்ஜெட் புத்தகத்தில் மொத்தத் தொகை மலைபோலத் தெரியும், கைமாறும் நிகரத் தொகை சிறியது.

நாழிக்கணக்கு:

தாழ்வாரம் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அந்தக் கணக்கு வருமான வரி ஒழுங்காக வசூலாகும் நாட்டுக்குத்தான் பொருந்தும். உழைப்பாளிகளில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத நாட்டில், 3,000 சம்பாதிப்பவரிடம் 300 வாங்குவது எப்படி? அங்கே கைக்கு எட்டுவது விற்பனை வரி. ஏழை கையில் வந்த 400-ஐயும் செலவழித்து 10 சதவீதத்தில் 40 கட்டுவார். 3,000 உள்ளவர் 2,000 செலவழித்து 1,000 சேமித்தால் 200தான் கட்டுவார். நிகரம் இன்னும் ஏழைக்குச் சாதகமே, ஆனால் வசூல் குறைந்துவிட்டது, ஆளுக்கு 100 கொடுக்க முடியாது. இந்த நிலையில் "எல்லோருக்கும்" என்பது எல்லோருக்கும் கொஞ்சம்கொஞ்சம் என்று முடியும்.

எனவே நடுவழி ஒன்று உண்டு. வருமானத்தைக் கேட்காமல் வயதையும் நிலையையும் மட்டும் கேட்பது. 65 கடந்த எல்லோருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் என்று. வயதை மறைப்பது கடினம், சரிபார்ப்பது எளிது, சம்பளம் கூடினால் வயது குறையப்போவதும் இல்லை. சுவர் விழுந்துவிடும்.

வேலையையே சல்லடையாக வைப்பதும் உண்டு. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 நாள் உடலுழைப்பு வேலை என்றது. ஏழையா என்று கேட்கவில்லை, வெயிலில் மண் வெட்ட வருபவருக்குத் தேவை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. அளவைப் பிழை இதில் குறைவு. ஆனால் முதியவர், நோயாளி, கைக்குழந்தைக்காரி ஆகியோருக்கு இந்தச் சல்லடை தலைகீழாக வேலை செய்யும். கூலி வாரக்கணக்கில் தாமதமானால் அன்றாடம் காய்ச்சிகள் முதலில் விலகுவார்கள். காத்திருக்க முடிந்தவர் தங்குவார்.

தாழ்வாரம்:

ஒத்துக்கொள்கிறேன், வரி இயந்திரம் இல்லாமல் என் கணக்கு ஓடாது. ஆனால் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். பட்ஜெட் அளவு முன்கூட்டியே நிலையானது என்று நினைத்துத்தான் நாம் பங்கு பிரிக்கிறோம். ஏழைகளுக்கு மட்டும் என்று கறாராக வடிகட்டிய நாடுகளைவிட, நடுத்தர வகுப்பையும் உள்ளே சேர்த்த நாடுகளில் ஏற்றத்தாழ்வு அதிகம் குறைந்தது என்று சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் 1998-ல் காட்டினார்கள். தனக்கும் பங்குள்ள திட்டத்துக்கு நடுத்தர வகுப்பு வரி கட்ட முன்வரும், அது சீரழிந்தால் குரல் கொடுக்கும் என்பது அதன் தர்க்கம். பிறகு வந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு அந்த அளவு வலுவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், குரலற்றவர்கள் மட்டுமே வரிசையில் நிற்கும் அலுவலகத்தில் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று யார் கேட்பார்கள்?

புன்செய்:

அளவை, வரம்பு எல்லாம் பேசியாயிற்று. வழியில் நுழையும் பிழையை நான் எழுதுகிறேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்லத் தயங்கும் பகுதி இதுதான்.

தகுதியுள்ள 100 பேர். திட்டம் இருப்பது தெரிய வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், சரிபார்ப்புக்கு ஆள் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும், வங்கிக் கணக்குப் பொருந்த வேண்டும். ஆறு படி. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்றே வைப்போம், கேட்க நன்றாக இருக்கிறது. 0.9-ஐ ஆறு முறை பெருக்குங்கள், 0.53. கிட்டத்தட்ட பாதிப் பேர் உதிர்ந்துவிட்டார்கள். உதிர்பவர்கள் சீராகவும் உதிர்வதில்லை. எழுத்தறிவில்லாதவர், ஒரு நாள் கூலியை விட முடியாதவர், முகவரி மாறிக்கொண்டே இருப்பவர் முதலில் போவார்கள். அதாவது மிகவும் தேவைப்பட்டவர்கள். படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதற்கு முன் எந்த அதிகாரியும் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை புதிரல்ல. அரசிடமே இருக்கும் பிறப்பு, இறப்பு, பள்ளிப் பதிவுகளை மறுபடி மக்களிடம் கேட்கக் கூடாது. புதுப்பித்தலை மக்கள் வந்து செய்ய வேண்டும் என்று வைக்காமல், மறுப்பு இல்லாவிட்டால் தொடரும் என்று வைக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், அவர்கள் மொழியில், எந்த ஆவணம் குறைகிறது என்று பெயர் சொல்லித் தர வேண்டும். "தகுதியில்லை" என்ற ஒற்றைச் சொல் போதாது. முறையீட்டை முடிவெடுத்த அதே அதிகாரி விசாரிக்கக் கூடாது. முறையீடு முடியும்வரை பணம் நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்குப் பணக்கார நாடுகளே போதும். ஆஸ்திரேலியாவில் பழைய பயனாளிகள் கூடுதலாக வாங்கிவிட்டார்களா என்று கணினி வைத்துத் தேடினார்கள். வரித்துறையில் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்தார்கள். ஒருவர் 13 இருவாரம் வேலை செய்து தலா 2,000 சம்பாதித்தார், மீதி 13-ல் வேலையில்லாமல் உதவி வாங்கினார், எல்லாவற்றையும் நேர்மையாகச் சொன்னார் என்று வையுங்கள். மொத்தம் 26,000. கணினி சராசரி போட்டு, உதவி வாங்கிய ஒவ்வொரு இருவாரத்திலும் இவர் 1,000 சம்பாதித்ததை மறைத்தார் என்று கடன் நோட்டீஸ் அனுப்பியது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேட வேண்டியவர் தலையில் விழுந்தது. அந்த முறை சட்டவிரோதம் என்று முடிவானது, 2023-ல் அரச விசாரணை ஆணையம் அதைக் கடுமையாகச் சாடியது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி. கையொப்பம் விட்டுப்போனது போன்ற சிறு குறைக்கும் வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள், ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் குறிவைக்கப்பட்டதும் வெளிவந்தது. 2021 ஜனவரியில் அந்த அமைச்சரவையே பதவி விலகியது. இரண்டு இடத்திலும் தகுதியற்றவர் ஒருவர்கூட நுழைந்துவிடக் கூடாது என்ற பதற்றம்தான் வேர். தகுதியுள்ளவர் விடுபடுவதைக் கண்காணிக்க அதே அளவு ஆள் போடப்படவில்லை.

நெய்தல்:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். பணமாகக் கொடுத்தால் உள்ளூர் விலை ஏறி, வாங்காதவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்கிறார்கள், உண்மையா? மாதாமாதம் உதவி வந்தாலும் அந்தக் குடும்பத்தின் பொருளாதார வகுப்பு மாறுமா, அல்லது பசி மட்டும்தான் தீருமா?

ஏடும்எழுத்தும்:

விலை ஏறுவது சந்தையைப் பொறுத்தது. கென்யாவில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில் ஏழைக் குடும்பத்துக்கு ஒருமுறை சுமார் 1,000 டாலர் கொடுத்தார்கள். விலைவாசி சராசரியாக 0.1 சதவீதம்தான் ஏறியது. வாங்காத குடும்பங்களின் வருமானமும் கூடியது, ஏனென்றால் கொடுத்த பணம் பக்கத்துக் கடைக்கும் கூலியாளுக்கும் போனது. பிலிப்பைன்ஸில் நேர்மாறு. போக்குவரத்துக் குறைந்த, ஏழைகள் அடர்ந்த கிராமங்களில் மாதாந்திர உதவி வந்தபோது முட்டை போன்ற சீக்கிரம் கெடும் சத்துணவுகளின் விலை ஏறியது, உதவி பெறாத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. வெளியிலிருந்து சரக்கு வரும் ஊரில் பணம் கொடுங்கள். சரக்கு வராத ஊரில் பொருளாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் வடிகட்டாமல் எல்லோருக்கும் கொடுங்கள்.

நாழிக்கணக்கு:

வகுப்புக்கு நான் பதில் சொல்கிறேன். வருமானம் என்பது மாதம் வந்து போவது. வகுப்பு என்பது வராத மாதத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது. நிலம், வீடு, சேமிப்பு, நிலையான வேலை, படிவம் நிரப்பத் தெரிந்த சொந்தக்காரர், பரிந்துரைக்க ஆள் எல்லாம் அதில் அடங்கும். பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு 2018-ல் மதிப்பிட்டபடி, அடிப் பத்து சதவீதத்தில் பிறந்த குடும்பம் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் இரண்டு தலைமுறை, அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில் நான்கைந்து, கொலம்பியாவில் பதினொன்று. பதினொரு தலைமுறை என்பது முந்நூறு ஆண்டு. அதை மாதாந்திர உதவித்தொகை ஒன்றே சுருக்கிவிடும் என்று நம்ப இடமில்லை.

புன்செய்:

சுருக்க முயன்ற ஒரு முறையைக் குறிப்பிடலாம். வங்கதேசத்தில் 2002-ல் பரம ஏழைகளுக்காகத் தொடங்கியது, பிறகு எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் முடிவுகள் வெளியாயின. கால அளவு சுமார் இரண்டு ஆண்டு. ஆடு, மாடு, கோழி, சிறுகடைச் சரக்கு என்று பிழைப்புக்கான ஒரு சொத்து. அதை வளர்க்கப் பயிற்சி. தொடக்க மாதங்களில் சாப்பாட்டுச் செலவுக்குத் தொகை. சேமிப்புக் கணக்கு, மருத்துவ உதவி. அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊழியர்.

இதில் எதைக் கழற்றினாலும் மற்றது ஆடும். சாப்பாட்டுத் தொகை இல்லாமல் மாட்டை மட்டும் கொடுத்தால், முதல் பசிக்கு மாடு சந்தைக்குப் போகும். மருத்துவ உதவி இல்லாவிட்டால் முதல் காய்ச்சலுக்குப் போகும். பெரும்பாலான நாடுகளில் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் செலவும் சொத்தும் கூடியே நின்றன. ஹொண்டுராஸில் நிற்கவில்லை. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் பெருமளவு செத்துப்போயின. சொத்தைத் தேர்வு செய்யும்போது ஒரே இனத்தை ஊர் முழுக்கக் கொடுக்காதீர்கள், அதன் நோய்க்குத் தடுப்பூசி அந்தப் பகுதியில் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்:

அட்டவணையை முதலில் போட்டுப் பார்க்கிறேன், சம்பளத்தை நூறு நூறாக ஏற்றி. வரம்புக்குக் கீழே கூட்டம் குவிகிறதா என்ற சோதனைக்கு எத்தனை அகலப் பட்டைகளாகப் பிரிக்க வேண்டும்?

ஏடும்எழுத்தும்:

மதிப்பெண் முழு எண்ணாக இருந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டை போதும். பின்னமாக இருந்தால் முதலில் ஒன்றின் அகலத்தில் போடுங்கள், பிறகு பாதியாக்கிப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் வரம்பு சரியாக ஒரு பட்டையின் ஓரத்தில் விழ வேண்டும். வரம்பு ஒரு பட்டைக்கு நடுவில் விழுந்துவிட்டால் குவியலும் சரிவும் ஒன்றோடொன்று கலந்து, எதுவும் நடக்காதது போலத் தெரியும். சூத்திரம் வெளியாவதற்கு முந்தைய ஆண்டின் தரவு கிடைத்தால் அதையும் பக்கத்தில் போடுங்கள்.